கம்பம் இல்லாத மைதானம்

பள்ளிப்பட்டு பேருந்து நிலையத்தை ஒட்டி
என் ஜெராக்ஸ் கடை.
மழை நாளில் என் போன்
மணிக்கு நாலு தடவை என்னை ஆந்திராவுக்கு வரவேற்கும்.
நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்.

அந்தப் போனில்தான் உன்னைப் பார்த்தேன், முனிலட்சுமி.
ஊதா பனியன், முதுகில் பதினாறு.
ஏலத்தில் மூணு லட்சத்து எண்பதாயிரம் என்று
ஓரத்தில் எழுத்து ஓடியது.
ஒன்பது நேஷனல்ஸ் ஆடி
கோ-கோவில் நீ சேர்த்தது
ஒரு பீரோ டீ-ஷர்ட், இரண்டு குக்கர்,
கம்பத்தைச் சுற்றிப் பாய்ந்து பாய்ந்து
கறுத்துப்போன முட்டி.

நாலாம் கட்டம் நீ. ஐந்தாவது நான்.
நீ நகரி மலையைப் பார்த்துக் குந்தினால்
நான் கரும்பு லாரிகளைப் பார்த்துக் குந்துவேன்.
பதினோரு வருஷம் ஒரு கை தூரத்தில் இருந்தும்
ஆட்டத்தில் உன் முகம் எப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரியாது.
உன் கை தெரியும்.
வலது தோளுக்கு நாலு விரல் கீழே விழும்.
நீ 'கோ' சொல்லி வாய் மூடுவதற்குள்
அந்தக் கட்டத்தில் நான் இருக்கமாட்டேன்,
நீ இருப்பாய்.

கபடிக்குப் போறேன் என்று நீ சொன்னபோது
அது எருமைங்க ஆடறது என்றேன்.
இப்போதும் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

எட்டு கிலோ ஏற்றச் சொல்லியிருந்தார்கள்.
ஆட்டுக்கால் சூப்பை மூக்கைப் பிடித்துக் குடித்தாய்.
பிறகு அந்தப் பாட்டு.
உங்கள் வீட்டில் 'கூத' என்பார்கள், எங்கள் தெருவில் பாடிப்போவது.
உனக்கு இரண்டுமே வரவில்லை.
ஒரே எழுத்துக்குப் பழகிய வாய்,
ஏழாவது கபடியில் இருமியது.

இரண்டாவது மேட்ச்.
சாவா வாழ்வா என்று அனுப்புகிறார்கள்.
டீக்கடை மாணிக்கமும் கண்டக்டர் ஒருத்தரும்
என் தோள்மேல் எட்டிப் பார்க்கிறார்கள்.
நடுக்கோட்டைத் தாண்டுகிறாய்.
(நம் ஆட்டத்தில் அதைத் தாண்டினால் விசில்.)
போனஸ் கோடு. இடது மூலைக்காரியின் முழங்கையில்
உன் விரல் படுகிறது, நிச்சயமாகப் பட்டது,
இனி திரும்பினால் போதும்.

நீ திரும்பவில்லை.
அத்தனை வேகத்தோடு நேராகப் போனாய்,
கடைசிக் கோட்டையும் தாண்டி
விளம்பரப் பலகை வரைக்கும்.

என்னம்மா இவ, வீட்டுக்கே போயிட்டா என்றார் கண்டக்டர்.
சிரித்தார்கள்.
நான் பார்த்தேன், உன் வலது கை
காற்றில் எதையோ பிடிக்க வளைந்திருந்தது.
ஒரு திசை எடுத்தால் கம்பம் வரை
திரும்பக்கூடாது நமக்கு.
அங்கே கம்பம் இல்லை, முனி.
அதை உன் காலுக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஐந்து மேட்ச் உன்னை உட்கார வைத்தார்கள்.
உட்காருவது நமக்குப் புதுசா என்ன.

நேற்று மறுபடி விட்டார்கள்.
ஒருத்தியைத் தொட்டாய். இன்னொருத்தி கணுக்காலைக் கவ்வினாள்.
கவ்விய காலை இழுத்துக்கொண்டே
உடம்பை முறுக்கி, வந்த பக்கமே விழுந்து,
நடுவிரல் நகம் கோட்டுக்கு இந்தப் பக்கம்.
இரண்டு பாயிண்ட்.
காமெரா கிட்டத்தில் வந்தபோதுதான்
ஆட்டத்தில் உன் முகம் பார்த்தேன்.
பல்லைக் கடித்து, ஒரு கண் மூடி,
கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது.

ராத்திரி போனில் கேட்டேன், எப்படிடீ திரும்பினே?
முதுகு சில்லுனு இருக்கு என்றாய்.
பின்னாடி யாரும் உட்கார்ந்திருக்கலைன்னு
ஒவ்வொரு தடவையும் ஞாபகப்படுத்திக்கணும்.
நகம் பெயர்ந்துவிட்டதாம். வைத்துவிட்டாய்.

இன்று காலை ஆதார் நகல் எடுக்க வந்த பையன்
கல்லாப் பக்கம் திரும்பியிருந்த என்
வலது தோளுக்கு நாலு விரல் கீழே தட்டினான்.
ஸ்டூல் உருண்டது.
வாசல்படி தாண்டி, ரோட்டில்,
நகரி பஸ்ஸுக்கு எதிரே நின்றேன்.

அக்கா, ரெண்டு பக்கமும் எடுக்கணும் என்றான்.